நிலையம் கட்ட முன்னரே மூடும் நாளுக்குச் சட்டம் எழுதுங்கள்: அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் தலைவர், உறுப்பினர்கள், பரிசோதனை உத்தியோகத்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கைக்கு அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காட இந்த மடலை எழுதவில்லை. அந்த வழக்கு இங்கே தேநீர்க்கடைகளில் தினமும் நடக்கிறது. எங்கோ இடம் பார்க்கிறார்களாம் என்று ஒரு செய்தி வந்தால் போதும், புல்மோட்டையா, குச்சவெளியா, இல்லை மூதூர்ப் பக்கமா என்று ஆளுக்கொரு பக்கம் நிலையத்தைக் கட்டித் திறப்பு விழாவும் நடத்திவிடுவார்கள். கட்டுவது பற்றி எல்லோரிடமும் கருத்து இருக்கிறது. மூடுவது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஐம்பது அறுபது வருடம் ஓடிய நிலையத்தை நிறுத்திய மறுநாள் காலையில் அதன் வாசலில் உங்கள் பரிசோதகர் நிற்பாரா? நிற்பாரென்றால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் நிற்பார்? அவருடைய சம்பளம் எங்கிருந்து வரும்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பகுதியில் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன். அணு விஞ்ஞானம் படித்தவனல்ல. பம்ப், வால்வு, பைப், தொட்டி, இவைதான் என் உலகம். ஆனால் மூடப்பட்ட அணுமின் நிலையங்களில் இதுவரை நடந்த பிசகுகளை வாசித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அணுவைப் பிளந்ததால் வந்தவையல்ல. எல்லாம் பம்பும் வால்வும் தொட்டியும்தான். அதனால் எனக்கும் பேச இடமுண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் உங்களுக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். 1969ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அணுசக்தியை வளர்ப்பவரும் கண்காணிப்பவரும் ஒரே அதிகாரசபையாக இருந்தார்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது. வளர்ப்பது அணுசக்திச் சபை, கண்காணிப்பது நீங்கள். அந்தப் பிரிப்பு வெறும் காகிதத்தில் மட்டும் இல்லை என்பதை 2021 ஏப்ரலில் பார்த்தோம். ரொட்டர்டாமிலிருந்து சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல், அணு எரிபொருள் தயாரிக்கப் பயன்படும் யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிக்கொண்டு, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாமல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. நீங்கள் தலையிட்டீர்கள், கப்பல் வெளியே போனது. நல்ல வேலை.

ஆனால் ஒரு கப்பலை வெளியே போகச் சொல்வதும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையின் சுவர்த் தடிப்பை அளந்து பார்ப்பதும், மகரகமையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும் ஒரு வகை வேலை. ஓர் அணுமின் நிலையத்தைப் பல பத்தாண்டுகளுக்குக் கண்காணிப்பது வேறு வகை. இன்றைய சட்டம் முதல் வகைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. 2022 ஏப்ரலில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்து நம் ஆயத்தத்தைப் பார்வையிட்டுப் போன பிறகு, அணுமின்னுக்கென்று முழுமையான சட்டம் வேண்டும் என்ற பேச்சு கொழும்பிலும் கேட்கிறது. எழுதப்போகிறீர்கள் என்றால், கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அனல்மின் நிலையத்தில் அப்படித்தான். நிலக்கரி போடாவிட்டால் கொதிகலன் ஆறிப்போகும். அணு உலை அப்படி ஆறாது. நிறுத்திய கணத்திலும் அதன் முழுச் சூட்டில் ஏறத்தாழ 6 சதவீதம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டேயிருக்கும். அது மளமளவென்று குறையும், ஆனால் இல்லாமல் போகாது. பாவித்த எரிபொருளைத் தண்ணீர்த் தடாகத்தில் வைத்துச் சில வருடங்கள் குளிரவிட்ட பிறகுதான் உலர் கலங்களுக்கு மாற்றலாம். அதுவரை பம்ப் ஓட வேண்டும், தண்ணீர் சுற்ற வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும். நேற்றுவரை நாட்டுக்கு மின்சாரம் கொடுத்த நிலையம் இன்றிலிருந்து நாட்டிடம் மின்சாரம் கேட்கும். அந்த நாடு எது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கு முழுத் தீவும் இருண்டுபோனது என்று அமைச்சரே சொன்ன நாடு. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, டீசல் பவுசர் எப்போது வருமென்று தெரியாது. அந்த மாதங்களில் ஒரு குளிரூட்டும் தடாகம் எங்கள் கரையில் இருந்திருந்தால், அதன் ஜெனரேட்டருக்கு டீசல் ஒதுக்கச் சொல்லி எந்த அமைச்சுக்குக் கடிதம் எழுதியிருப்பீர்கள்?

எரிபொருள் முழுவதையும் வெளியே எடுத்தால் நிலையத்திலுள்ள கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும். உண்மை. மிச்சம் உலைக்குள் இருக்கும் இரும்பிலும் கொங்கிரீட்டிலும் பைப்புகளின் உள்பக்கப் படிவிலும் ஒட்டிக்கொண்டு இருக்கும். இரும்பிலுள்ள கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், சீசியம்-137க்கு முப்பது வருடம். பிரித்தானியா பழைய உலைகளைப் பூட்டிவைத்துவிட்டுப் பல பத்தாண்டு காத்திருக்கத் திட்டமிட்டதற்கு இதுவே காரணம். காத்திருந்தால் வெட்டுகிறவனுக்குக் கதிர்வீச்சு குறையும். ஆனால் எந்தப் பைப் எங்கே போகிறது என்று தெரிந்த மனிதர்கள் அதற்குள் ஓய்வுபெற்று, பலர் காலமாகியும் விடுவார்கள். எங்கள் தொழிற்சாலையிலேயே வரைபடத்தில் பைப் ஒரு பக்கம் ஓடும், நிலத்தைத் தோண்டினால் இன்னொரு பக்கம் கிடக்கும். யாரோ ஒரு போர்மன் ஓர் அவசரத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அது அவர் தலைக்குள் மட்டும் இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் பிளாக்வாட்டர் ஆற்றுமுகத்தில் பிராட்வெல் என்று ஒரு நிலையம். 1962 முதல் 2002 வரை ஓடியது. முகத்துவாரத்தில் சிப்பி வளர்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். ஏறக்குறைய எங்கள் கொட்டியாரக்குடா மாதிரியான பிழைப்பு. நிலையத்துக்குள்ளே அசுத்தமான பொருட்களைக் கழுவும் ஓரிடம், கழுவிய தண்ணீர் போய்ச் சேர நிலத்துக்குக் கீழே ஒரு தொட்டி. அந்தத் தொட்டி 1990இலிருந்து மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தது 2004இல், அதாவது நிலையத்தை மூடி இரண்டு வருடத்துக்குப் பிறகு. பதினான்கு வருடம்! நடத்திய நிறுவனத்தைச் சுற்றாடல் முகவரகம் நீதிமன்றத்துக்கு இழுத்து, 2009இல் நிறுவனம் குற்றவாளியாகக் காணப்பட்டு அபராதம் கட்டியது. வெளியேறிய அளவால் ஊர்மக்களுக்குப் பெரிய கேடு வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் காரணம் என்ன என்று பாருங்கள். தொட்டியின் வடிவமைப்பு சரியில்லை, அதை ஒழுங்காகப் பரிசோதிக்கவோ பராமரிக்கவோ ஏற்பாடும் இல்லை. உலகத்திலேயே மிகப் பழைய அணுமின் கண்காணிப்பு நடக்கும் நாடுகளில் ஒன்று அது. கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு முள்ளையும் ஆள் பார்த்துக்கொண்டிருந்தது. கழுவுத் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் பொறுப்பானவர் யாரும் இல்லை.

இந்தத் தொட்டி விஷயம் எனக்கு அந்நியமல்ல. கழிவுத் தண்ணீர்த் தொட்டி என்பது எந்தத் தொழிற்சாலையிலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. உற்பத்திப் பகுதி அது பராமரிப்புப் பகுதிக்குச் சொந்தம் என்னும், பராமரிப்பு அது சிவில் வேலை என்னும், சிவில் ஆட்களோ ஒப்பந்தகாரர் வந்தால்தான் பார்ப்பார்கள். எங்கள் இடத்துத் தொட்டியின் மூடியைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். உள்ளே டோர்ச் அடித்தால் சேறும் எண்ணெய்ப் படலமும்தான் தெரியும். சுவர் வெடித்திருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் முழுவதும் இறைத்து, கழுவி, காய்ந்த பிறகு சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முழு நாள் உற்பத்தி நிற்கும். யார் நிறுத்துவார்கள்? பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்தால் கைப்பிடிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடிப்போம், தீயணைப்புக் கருவிகளில் புதுத் துண்டு கட்டுவோம், நடைபாதையில் கோடு போடுவோம். அவரும் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்பார், மதியச் சாப்பாடு நடக்கும். தொட்டியின் மூடியைக் கிளப்பச் சொன்ன ஒரு பரிசோதகரைத்தான் என் உத்தியோக காலத்தில் கண்டேன். இளம் பொறியியலாளர், பெண்பிள்ளை, சப்பாத்தெல்லாம் சேறு. அடுத்த வருடம் அவரை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

ஆகவே சட்டத்தில் பரிசோதனை என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எதை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த முறையில், யார் கண்ணால் பார்ப்பது என்று எழுதுங்கள். பிரித்தானியாவில் ஒவ்வோர் அணுத் தளத்தின் அனுமதிப்பத்திரத்தோடும் 36 நிபந்தனைகள் சேர்ந்து வருகின்றன. பரிசோதனையும் பராமரிப்பும் சோதித்தலும் 28ஆவது, கசிவும் வெளியேற்றமும் 34ஆவது, நிலையத்தைக் கலைப்பது, அதாவது மூடியதைப் பிரித்து அகற்றுவது, 35ஆவது. உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நிபந்தனைகள் அந்த நிலத்தை விட்டுப் போவதில்லை. கலைக்கும் பணியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் முடிந்து ஒழுங்குபடுத்துநரின் சம்மதம் கிடைக்காமல் அடுத்ததைத் தொடங்க முடியாதபடி தடுக்கும் அதிகாரமும் அதில் இருக்கிறது. நமக்கும் அது வேண்டும். பேரவையின் கையொப்பம் வராமல் குறித்த இடத்துக்கு அப்பால் ஒரு போல்ட்டும் கழற்றக்கூடாது. அந்தக் கையொப்பத்தை அமைச்சரோ செயலாளரோ தொலைபேசியில் வாங்க முடியாதபடியும் எழுத வேண்டும்.

அடுத்தது ஆட்கள். அமெரிக்காவில் ஓடும் ஒவ்வோர் அணுமின் நிலையத்திலும் அரசாங்க ஒழுங்குபடுத்துநரின் பரிசோதகர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள். அங்கேயே அலுவலகம், அதே ஊரில் வீடு. நிலையம் மூடி, எரிபொருள் உலையை விட்டு வெளியே வந்ததும் அவர்கள் பொதுவாக வேறிடம் போய்விடுவார்கள். அதன்பிறகு பரிசோதகர் குறித்த வேலைகளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். கணக்குப்படி நியாயம்தான், ஆபத்து குறைந்த இடத்தில் ஆளையும் குறைக்கிறார்கள். ஆனால் கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே கடற்கரையில் 2018 ஓகஸ்ட் 3ஆம் திகதி நடந்ததைக் கேளுங்கள்.

அந்த நிலையம் 2013இலேயே நிரந்தரமாக மூடப்பட்டது. தடாகத்திலிருந்த எரிபொருளை உருக்குக் கலங்களில் அடைத்து, கடற்கரையோரம் நிலத்துக்குள் கட்டிய கொங்கிரீட் குழிகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது தொன் எடையுள்ள ஒரு கலம் பாதி வழியில், குழிக்குள்ளே ஒரு வளைய விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. தூக்கும் பட்டி தளர்ந்ததும், கலம் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். பாரந்தூக்கி வேலை செய்தவர்களுக்கு இது புரியும். பட்டி தளர்ந்தால் பாரம் இறங்கிவிட்டது என்றுதான் கை சொல்லும். உண்மையில் கலம் ஒரு விளிம்பின் தயவில் நின்றது. கீழே பதினெட்டு அடி வெறுமை. பட்டியில் இழுவிசை இல்லை. விழுந்திருந்தால் தடுக்க எதுவுமில்லை. ஒரு மணித்தியாலம் வரை அப்படியே நின்றிருக்கிறது. இருக்க வேண்டியதைவிடக் கதிர்வீச்சு அளவு கூடிக் காட்டியதாலேயே ஏதோ பிழை என்று பிடித்தார்கள். பிறகு மெதுவாகத் தூக்கி, சரிபார்த்து, இறக்கினார்கள்.

ஊர்மக்களுக்கு இது எப்படித் தெரிய வந்தது? நிறுவனம் சொல்லவில்லை. ஆறு நாட்களின் பின், நிலையத்தைப் பற்றிப் பேசப் பொதுமக்களைக் கூப்பிட்டு நடத்தும் கூட்டத்தில், அங்கே தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் பணியில் இருந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளி எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். ஒழுங்குபடுத்துநர் விசாரித்து, 2019இல் 116,000 டொலர் அபராதம் விதித்தார். விழாமல் தடுக்கும் ஏற்பாடு இல்லாதது ஒரு குற்றம், உரிய நேரத்தில் அறிவிக்காதது இன்னொரு குற்றம்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டம் இங்கே நடக்குமா? நடந்தால் எந்த மொழியில்? ஒப்பந்தத் தொழிலாளி எழுந்து பேசினால் மறுநாள் வேலைக்கு வரும்போது வாசலில் அவருடைய அட்டை வேலை செய்யுமா? நிலையம் ஓடும் காலத்தில் நிரந்தர ஊழியர்கள், தொழிற்சங்கம், பயிற்சி என்று எல்லாம் இருக்கும். கலைக்கும் காலத்தில் வருவது ஒப்பந்தம், துணை ஒப்பந்தம், அதற்குக் கீழே நாட்கூலி. இரும்பு வெட்டுகிறவன் எந்த ஊரிலும் கடைசி ஆள்தான். எங்கள் பகுதியில் அந்தக் கடைசி ஆள் யாரென்று சொல்லத் தேவையில்லை: மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பொடியன்கள். அவர்கள் உடம்பில் பட்ட கதிர்வீச்சின் பதிவு ஒப்பந்தகாரரின் அலுமாரியில் இருக்கக்கூடாது. பேரவையில் இருக்க வேண்டும். அவன் கட்டாருக்குப் போய் இருபது வருடத்தின் பின் திரும்பி வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

யப்பானில் புக்குஷிமாவைக் கலைக்கும் வேலையும் இதே கதைதான். 2024 பெப்ரவரியில் கதிரியக்கத் தண்ணீர் கட்டிடச் சுவரிலிருந்த ஒரு திறப்பு வழியாக வெளியே கொட்டியது. மூடியிருக்க வேண்டிய வால்வுகள் பல திறந்தபடி இருக்க, கழுவும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

புக்குஷிமாவிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. 2011இல் விபத்து நடந்தபோது அங்கே அணுப் பாதுகாப்பைக் கண்காணித்த முகவரகம், அணுமின்னை வளர்க்கும் பொருளாதார அமைச்சின் கீழேயே இருந்தது. ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் ஒழுங்குபடுத்தப்படுபவர்களின் பிடிக்குள் போய்விட்டார்கள் என்று நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல் எழுதியது. அதே வருடம் பழைய முகவரகத்தைக் கலைத்து, தனியான ஆணையம் அமைத்தார்கள். நம்மிடம் சபையும் பேரவையும் வேறுவேறு. ஆனால் இரண்டும் மின்சாரத்துக்குப் பொறுப்பான ஒரே அமைச்சின் கூரைக்குக் கீழே. நிலையம் கட்ட ஆசைப்படும் அமைச்சரே உங்கள் வரவுசெலவுக்கும் பொறுப்பு. நீங்கள் தனிப்பட்ட முறையில் நேர்மையானவர்கள் என்பதை நான் ஏற்கிறேன். உங்களுக்குப் பிறகு வருபவர்களுக்கும் சேர்த்துத்தானே சட்டம்? பாராளுமன்றத்துக்கு நேரடியாகப் பொறுப்புச் சொல்லும் ஆணைக்குழுவாக உங்களை மாற்றக் கேளுங்கள். நீங்களே கேட்டால்தான் நடக்கும். ஊர்க்காரர் கேட்டால் எதிர்ப்புப் போராட்டம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

கடலுக்கு அக்கரையையும் பார்க்கலாம். கல்பாக்கம் எங்கள் கரையிலிருந்து சுமார் 450 கிலோமீற்றர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்களை அடித்த அதே அலை அங்கேயும் பம்ப் அறைக்குள் ஏறியது; ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அந்த நாட்டில் அணுமின் அனுபவம் அரை நூற்றாண்டுக்கு மேல். ஆனால் இந்தியத் தலைமைக் கணக்காய்வாளர் 2012இல் சமர்ப்பித்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். நிலையங்களைக் கலைப்பதற்கான சட்ட ஏற்பாடு இல்லை. திட்டம் எழுதும்படி கையேடு வந்து 13 வருடமாகியும் எந்த நிலையத்திடமும் கலைப்புத் திட்டம் இல்லை. முப்பது வருடம் ஓடியவற்றிடமும் இல்லை, நிறுத்தி வைத்தவற்றிடமும் இல்லை. அத்தனை விஞ்ஞானிகள் உள்ள இடத்திலேயே மூடும் நாளை யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. நமக்கு அந்த நேரம் இப்போது இருக்கிறது, ஏனென்றால் இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை.

பணம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சர்வதேச முகவரகத்தின் குழு வந்துபோன அதே 2022 ஏப்ரலில், 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியையும் விட்டுவைக்கவில்லை. இந்தத் திறைசேரியின் கையில் கலைப்பு நிதியைக் கொடுத்தால் ஐம்பது வருடத்தில் என்ன மிஞ்சும்? லித்துவேனியா சிறிய நாடு; இக்னலினா நிலையத்தின் இரண்டு உலைகளையும் 2004இலும் 2009இலும் மூடியது. கலைக்கும் செலவில் பெரும்பகுதியை ஐரோப்பிய ஒன்றியம் சுமக்கிறது. நம்மைச் சுமக்க எந்த ஒன்றியம் இருக்கிறது? பழைய தளங்களைத் துப்புரவாக்க நூறு பில்லியன் பவுணுக்கு மேல் வேண்டும் என்று பிரித்தானியாவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நிலையம் விற்கும் ஒவ்வொரு அலகு மின்சாரத்திலிருந்தும் ஒரு பங்கு முதல் நாளிலிருந்தே தனி நிதிக்குப் போக வேண்டும், அதைத் தொட அமைச்சரவைக்கும் உரிமை இருக்கக்கூடாது. பாவித்த எரிபொருளை விற்றவர்களே திருப்பி எடுப்பார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லப்படலாம். ரஷ்யா பங்களாதேஷின் ரூப்பூருக்கு 2017இல் அப்படி ஒப்பந்தம் செய்திருக்கிறது. நல்லது. கொங்கிரீட்டையும் உலைப் பாத்திரத்தையும் மண்ணையும் யாரும் திருப்பி எடுக்கப்போவதில்லை.

விட்டுப்போன பொருள் எப்படிக் கிடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. சீனன்குடாவுக்கு வாருங்கள். வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் பத்தாயிரம் தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கியதில் ஒன்று எரிந்தது. இன்று இருப்பவை 99. அவன் போய்விட்டான். மேல் தொகுதித் தாங்கிகள் பலவற்றைச் சுற்றிக் காடு வளர்ந்து, கூரைத் தகட்டில் கொடி படர்ந்து, ஏணிகள் துருப்பிடித்துத் தொங்கின. அவற்றை என்ன செய்வது என்ற பேச்சு பல பத்தாண்டு இழுபட்டு, 2022 ஜனவரியில், அந்தத் தாக்குதலுக்கு எண்பது வருடம் கழித்து, மூன்றாகப் பங்குபோட்டு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதுவும் யாருக்கு எத்தனை என்ற பேச்சுத்தான். அடியில் மண் எப்படி இருக்கிறது என்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை. அதில் இருந்தது வெறும் எண்ணெய். அதனால் பல பத்தாண்டு மறந்துவிட்டு இருக்க முடிந்தது.

ஊருக்குச் சொல்வது என்று வந்ததால் சம்பூரையும் சொல்ல வேண்டும். 2006இல் இடம்பெயர்ந்த சனம், திரும்பிப் போக விடாமல் பல வருடம், அந்த நிலத்தில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று திட்டம். சனம் எதிர்த்துப் போராடியது; 2016இல் அரசாங்கம் அதைக் கைவிட்டது. இப்போது அங்கே சூரிய மின்சாரத் திட்டம். அந்தப் போராட்டத்தில் நின்ற மூதூர்ப் பெண்கள் சாம்பல், பாதரசம், கடலின் சூடு என்று பொறியியலாளருக்குச் சமமாகப் பேசப் படித்தார்கள். எங்கள் சனத்துக்கு விளங்காது என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். புல்மோட்டையில் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் வந்தது. இல்மனைற், ரூட்டைல் என்ற பெயர்களோடு மொனசைற் என்ற பெயரும், அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்பதும் அங்கே மீன்பிடிப்பவருக்கும் தெரியும்.

எனவே பரிசோதனை அறிக்கைகள் கொழும்பில் ஓர் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் படுத்திருந்தால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தமிழிலும் சிங்களத்திலும், பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் கடற்றொழிலாளர் சங்கங்களின் கையிலும் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் தளப் பரிசோதகர் தன் அறிக்கையோடு உள்ளூர்க் குழுவின் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்கிறார். அப்படி ஒருவர் இங்கே வர வேண்டும், மொழிபெயர்ப்பாளரை நாங்கள் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது. எல்லாம் சரி என்று ஒரு வரி அறிக்கை வேண்டாம். எந்தத் தொட்டியின் மூடியைக் கிளப்பினீர்கள், கிளப்பாதது எது, ஏன் என்று எழுதுங்கள். அதைப் படித்தால் நீங்கள் உண்மையில் உள்ளே போனீர்களா என்று எங்களைப் போன்ற பழைய பராமரிப்புக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்களிடம் சில விபரங்களைக் கேட்டு விண்ணப்பம் அனுப்புகிறேன். இன்று பேரவையில் களப் பரிசோதனைக்குப் போகும் உத்தியோகத்தர் எத்தனை பேர், அவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர், தயாராகும் சட்ட வரைவில் நிலையத்தைக் கலைப்பது பற்றிய பகுதி இருக்கிறதா, இருந்தால் அதன் தமிழ்ப் பிரதி எப்போது கிடைக்கும். விண்ணப்பத்துக்குக் காத்திராமல் இந்த மடலுக்கே பதில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்,
நிலாவெளி, திருகோணமலை.